ஊசி என் கைக்கு வந்த வருடம்

"இனிமே பிக் லைன் கேஸ் எல்லாம் நீங்களே போடலாம், அல்வா?" என்று டாக்டர் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம். பதினேழு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எக்ஸ்ரே மெஷினை நகர்த்திக்கொண்டிருந்தவளை ஒருவர் திடீரென்று முன்னால் கூப்பிட்டால், அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் யோசிக்கத் தோன்றும்.

பிக் லைன் என்பது ஒரு மெல்லிய குழாய். மேல்கையில் ஒரு ரத்தக்குழாயை ஊசியால் குத்தி, அதன் வழியாக இதயத்தின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைப்பார்கள். கீமோ எடுக்கிறவர்களுக்கும், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியவர்களுக்கும் தினம் தினம் கையைக் குத்தாமலிருக்க அது. எங்கள் ஆஸ்பத்திரியில் அதைப் போட இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். மிச்சமிருந்தவர் இவர். மைசூர்க்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். எந்த வாக்கியத்தையும் "அல்வா?" என்று முடிப்பார். கன்னடத்தில் அதற்கு "இல்லையா?" என்று அர்த்தம். அவர் அப்படிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

என்னால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. உண்மையில் அதுதான் என் ரகசியம். எத்தனையோ தடவை கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பயிற்சிக்கு வந்த ஜூனியர் டாக்டர்கள் குழாய்க்கு வழிகாட்டும் கம்பியைத் தப்பான பக்கம் தள்ளுவதைப் பார்த்து, மைக்கில் மெதுவாக, "சார், கழுத்துப் பக்கம் போகுது, கொஞ்சம் வெளிய இழுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் இழுப்பார்கள். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். நானே போட்டால் இதைவிட நன்றாகப் போடுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் மனசுக்குள் சொல்லிக்கொள்வது வேறு, மேலதிகாரி வாயிலிருந்து கேட்பது வேறு.

வீட்டில் சொன்னேன். வீடு ஸ்ரீராம்புரத்தில். நான் பிறந்த சந்துக்கு இரண்டு சந்து தள்ளி. என் வீட்டுக்காரர் சிட்டி பஸ் டிரைவர். காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டைப் பட்டனைப் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உன்னிய மட்டுமா கேட்டாரு?"

"என்னையும் இன்னொருத்தரையும். அவரு மாட்டேன்னுட்டாரு."

"அவன் ஏன் மாட்டேன்னான்னு கேட்டியா?"

"இல்ல."

"அத மொதல்ல கேளு." பட்டனைப் போட்டு முடித்தார். "பாரு, டிப்போல ஆள் பத்தலன்னா டபுள் டூட்டி பாருன்னுவாங்க. தூக்கத்துல வண்டிய இடிச்சா, டூட்டி போட்டவன் பேரு எங்கயும் இருக்காது. ஓட்டிக்கினு போனவன் பேருதான் கேஸ்ல இருக்கும். இதுல இன்னா எழுதிக்கிறாங்கன்னு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடு."

அன்றைக்கே அந்த இன்னொருவரைக் கேட்டேன். அவர் என் கூடவே சேர்ந்தவர். "எனக்கு எக்ஸ்ரே எடுக்கத்தான் படிப்பு இருக்கு, குத்தறதுக்கு இல்ல. ஏதாவது ஆச்சுன்னா எந்தப் பேப்பர காட்டுவே?" என்றார். அது என் வீட்டுக்காரர் சொன்னதேதான். வேறு வார்த்தை, அவ்வளவுதான். இருந்தும் நான் சரி என்றேன். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

எங்கள் அறையில் மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ரிட்டையராக மூன்று வருடம் இருந்தது. வார்டில், ஐ.சி.யூ.வில், எங்கள் அறையில் என்று அவர் ஊசி போடாத கை இந்த ஊரில் கொஞ்சம்தான் இருக்கும். விஷயம் தெரிந்ததும் என்னிடம் வந்து, "அப்போ எங்கள ஏன் கேக்கல?" என்றார்.

"தெரியல சிஸ்டர்."

"உனக்குத் தெரியாம இருக்காது. சரி விடு."

அந்த "சரி விடு" பல மாதம் எங்களுக்கு நடுவில் நின்றது.

பயிற்சி என்று எடுத்துக்கொண்டால் டாக்டரை நான் குறை சொல்ல முடியாது. முதல் மூன்று வாரம் ஜெல் கட்டியில் குத்தினேன். அதற்குள் ரப்பர் குழாய் ஓடும். அல்ட்ராசவுண்ட் திரையில் அதைப் பார்த்துக்கொண்டே ஊசியின் நுனியை உள்ளே கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் என் இடது கையிலேயே கருவியை வைத்துப் பார்ப்பேன். திரையில் கறுப்பாக இரண்டு மூன்று வட்டங்கள் தெரியும். கருவியை அழுத்தினால் நசுங்கிப்போவது சிரை, நாம் குத்த வேண்டியது. நசுங்காமல் துடித்துக்கொண்டே இருப்பது தமனி, தொடவே கூடாதது. ரெண்டுக்கும் ஒட்டினாற்போல் நரம்பு. இதெல்லாம் ஒரு விரல் அகலத்துக்குள்.

பிறகு நோயாளிகள். டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நிற்க, முப்பது கேஸ். முதல் நாள் கையுறைக்குள் என் விரல்கள் வேர்த்து ஊறிப்போயின. பத்தாவது கேஸில் கை நிதானத்துக்கு வந்தது. இருபதாவதில் டாக்டர் பின்னால் நின்றபடியே போன் பார்க்க ஆரம்பித்தார். முப்பது முடிந்ததும் ஒரு பேப்பர் கொடுத்தார். நான் இதைச் செய்யத் தகுதி பெற்றவள் என்று அதில் இருந்தது. மூன்று முறை படித்தேன். கன்சல்டன்டின் நேரடி மேற்பார்வையில் என்று ஒரு வரி.

"சார், நேரடின்னா நீங்க ரூம்ல இருப்பீங்களா?"

"நான் பக்கத்துல இருப்பேன்மா."

"பக்கத்துலன்னா எங்க சார்?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும், அல்வா?"

நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன். அந்த வரிக்கு அர்த்தம் கேட்டவளும் நான்தான், பதில் வாங்காமல் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

ஒரு மாதம் கழித்து, நான் போட்ட ஒரு லைனின் ரிப்போர்ட்டைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். 'செய்தவர்' என்கிற கட்டத்தில் டாக்டரின் பெயர். கீழே, வழக்கம்போல 'டெக்னாலஜிஸ்ட்' என்கிற கட்டத்தில் என் பெயர். இன்னொன்றைத் திறந்தேன். அதேதான். அன்றைக்கு டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே இல்லை, கான்பரன்ஸுக்குப் போயிருந்தார். ஆனாலும் அவர்தான் செய்தவர்.

கேட்டால், கம்ப்யூட்டரில் டாக்டர்கள் பெயர் மட்டும்தான் வரும், வேறு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது என்றார்கள். உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் என் புத்தி வேறு மாதிரி ஓடியது. நல்லபடியாக நடந்தால் அவர் பெயர். கெட்டுப்போனால் அந்தத் தகுதிப் பேப்பரை எடுத்து என் பெயர்.

அன்று சாயங்காலம் மல்லேஸ்வரத்தில் இறங்கி ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு கேஸுக்கும் தேதி, படுக்கை எண், எந்தக் கை, எத்தனை தடவை குத்தினேன், டாக்டர் அப்போது எங்கே இருந்தார் என்று எழுதி, லாக்கரில் ஈய ஏப்ரனுக்கு அடியில் வைத்தேன். டாக்டர் எங்கே இருந்தார் என்கிற வரிசையில் முதலில் 'அறையில்' என்று நிறைய இருந்தது. பிறகு 'ரிப்போர்ட்டிங் ரூம்'. பிறகு 'சி.டி. ரூம்'. பிறகு 'தெரியாது'.

ஒருநாள் லாக்கர் திறந்திருந்தபோது அந்த நர்ஸ் பார்த்துவிட்டார்.

"என்ன எழுதுற?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், கணக்கு."

"எங்கள பத்தியா? நாங்க எப்போ வந்தோம், எப்போ போனோம்னு மேல போட்டுக் குடுக்கறியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"அப்ப காட்டு."

நான் காட்டவில்லை. காட்டியிருக்கலாம். ஆனால் அதில் டாக்டரைப் பற்றி இருந்தது. அது இவர் வாய் வழியாக அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். நான் லாக்கரை மூடிய சத்தத்தில் அவர் முகம் மாறியது. அன்றிலிருந்து என்னோடு ஒரு கேஸுக்கு நின்றால், நான் கேட்டதை எடுத்துக் கொடுப்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கேஸ் முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிதானமாக எதையோ டைப் செய்வார். என்னைப் பற்றித்தான் என்று நான் முடிவு கட்டினேன்.

அந்த மழைக்காலத்தில்தான் விவேக் நகர் பெரியவர் வந்தார். சர்ச்சுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி, ஜெபமாலை, படம் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோய். கால் புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. ஆறு வாரம் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். கூட அவருடைய மகள் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

நான் கையுறை போடுவதற்கு முன் வெளியே போய், என்ன செய்யப் போகிறேன் என்று தமிழில் விளக்கினேன். பெரியவர் தலையாட்டினார். மகள் கேட்டார்.

"நீங்க டாக்டரா மேடம்?"

"இல்லம்மா. ரேடியோகிராபர்."

"அப்படின்னா எக்ஸ்ரே எடுக்கிறவங்கதானே?"

"ஆமா. இதுக்குத் தனியா டிரெய்னிங் எடுத்திருக்கேன்."

"எக்ஸ்ரே எடுக்கிறவங்க எங்கப்பா கையில குழாய் போடுவீங்களா? பேப்பர்ல டாக்டர் பேரு இருக்கு?" சம்மதப் படிவத்தைக் காட்டினார். அதிலும் அவர் பெயர்தான்.

"டாக்டர் மேற்பார்வை பண்ணுவாரும்மா."

"உள்ள இருப்பாரா?"

டாக்டர் அப்போது காரிடாரின் அந்தக் கோடியில், சி.டி. அறையில் ஒருவருக்கு நுரையீரலிலிருந்து பரிசோதனைக்காகச் சதை எடுத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் முன்புதான் போனில், "நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க, நான் வந்துடறேன்" என்றிருந்தார். வருவதாகச் சொன்னார்தானே?

"இருப்பார்," என்றேன்.

பெரியவர் மகளைப் பார்த்து, "போடட்டும் விடும்மா, எவ்ளோ நேரம் இப்டியே குந்தினு இருக்கறது" என்றார். மகள் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே, அவர் கையில் அல்ட்ராசவுண்ட் வைத்தபோதே நான் நின்றிருக்க வேண்டும். வழக்கமாக நாங்கள் குத்துகிற சிரை, பல நாள் டிரிப் ஏறி ஏறி நூல்போல் சுருங்கிக் கிடந்தது. இன்னொன்று நன்றாக இருந்தது. ஆனால் அது தமனியின் மேல் ஒட்டிக்கொண்டு ஓடியது. டாக்டர் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம், அல்லது மற்றக் கையைப் பார்க்கலாம். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் வெளியே இருந்த மகளின் முகம் ஞாபகத்தில் இருந்தது. எக்ஸ்ரே எடுக்கிறவள் போட்டுக் காட்டுகிறாள் பார் என்று எனக்குள் ஒன்று வீம்பாக நின்றது.

மரத்துப்போக ஊசி போட்டேன். குத்தினேன். சிரை ஊசிக்கு வழிவிட்டு நழுவியது. நான் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். ஊசியின் பின்பக்கத்தில் ரத்தம் வந்தது. பளீரென்று சிவப்பாக, துடித்துத் துடித்து.

"தமனி," என்றார் நர்ஸ், மிக மெதுவாக.

"தெரியுது சிஸ்டர். டாக்டர கூப்பிடுங்க."

ஊசியை எடுத்துவிட்டு அழுத்திப் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். பெரியவர் "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா, தப்பான குழாய்ல பட்டுடுச்சு, அழுத்திப் பிடிச்சிருக்கேன்" என்றேன். அந்த ஒரு உண்மையையாவது அப்போது சொன்னேன்.

டாக்டர் வந்தபோது என் கட்டைவிரல் மரத்திருந்தது. அவர் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார். மற்றக் கையில் அவரே லைன் போட்டார், ஏழு நிமிடத்தில். வெளியே போய் மகளிடம், "கொஞ்சம் வீக்கம் வரும், சரியாகிடும்" என்றார்.

வீக்கம் கொஞ்சமாக வரவில்லை. ரத்தம் உறையாமலிருக்கப் பெரியவருக்குக் காலையில் ஊசி போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் மேல்கை உள்பக்கம் கறுத்துப் பருத்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. சர்ஜன் வந்து பார்த்து, ஆபரேஷன் வேண்டாம், கட்டுப்போட்டுக் கவனிக்கலாம் என்றார். மறுநாள் மகள் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். டாக்டர் செய்ய வேண்டியதை எக்ஸ்ரே டெக்னீஷியன் செய்ததாகவும், டாக்டர் அறைக்குள் இருந்தாரா என்று தெரிய வேண்டும் என்றும்.

விசாரணைக்கு முந்தின நாள் டாக்டர் என்னை ரிப்போர்ட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"நோடிம்மா, பாருங்க, நான் உள்ள இருந்தேன்னு சொல்லிடறேன். ரிப்போர்ட்ல என் பேருதான் இருக்கு. நீங்க அசிஸ்ட் பண்ணீங்க, அவ்வளவுதான். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டா ஆமான்னா போதும்."

"சார், சி.டி.ல டைம் இருக்குமே?"

"அத யாரு பாக்கப் போறாங்க?"

வெளியே வந்து நடந்தேன். என் தலையில் விழப்போவதை அவர் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார். இத்தனை மாதம் இவரைச் சந்தேகப்பட்டோமே என்று ஒரு நிமிடம் கண் கலங்கியது. அடுத்த நிமிடமே வேறு ஒன்று தோன்றியது. அறையில் இல்லாமல் என்னைத் தொடங்கச் சொன்னது அவருடைய தப்பு. நான் ஆமாம் என்றால் அந்தத் தப்பு மறைந்துபோகிறது. நாளைக்கு யாராவது சி.டி. மெஷினின் நேரத்தை எடுத்துப் பார்த்தால், அவர் மறந்துபோனதாகச் சொல்லிவிடலாம். நான் மட்டும் பொய் சொன்னவள் ஆவேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறாரா, தன்னையா? எத்தனை தடவை புரட்டிப் பார்த்தும் அந்தச் சொற்களில் பதில் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வழக்கமாக உடனே ஏதாவது சொல்வார். அன்றைக்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு கேட்டார், "அந்தப் பொண்ணுகிட்ட நீ இன்னா சொன்ன?"

"டாக்டர் உள்ள இருப்பாருன்னு."

"அப்ப ஒருதாட்டி சொல்லிக்கிற. இது ரெண்டாவது தாட்டி."

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் அந்த நர்ஸைப் பார்த்தேன். அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சிஸ்டர், நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நீ உன்னோடத சொல்லு. நான் பாத்தத நான் சொல்லுவேன்." தலைமுடியை வலைக்குள் தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். என்னை மாட்டிவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

அறையில் ஐந்து பேர். நடத்தியவர் ஆஸ்பத்திரியின் தரக் கண்காணிப்புப் பிரிவின் தலைவி. ரிப்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில், ஊசி யார் போட்டது என்று கேட்டார். டாக்டர் வாய் திறப்பதற்குள் நான், "நான்தான் மேடம்" என்றேன்.

"டாக்டர் எங்கே இருந்தார்?"

டாக்டர் மேசையில் இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சி.டி. ரூம்ல. உள்ள இருப்பாருன்னு பேஷண்டோட மகள்கிட்ட நான் சொன்னேன். அவர் வராமலே ஆரம்பிச்சுட்டேன். குத்தினதும் குத்தக்கூடாத இடம். எனக்குத் தெரிஞ்சே குத்தினேன்."

இப்போது பழி முழுவதையும் என் மேல் போடுவார் என்று காத்திருந்தேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஸ்டார்ட் பண்ணச் சொன்னது நான். போன்ல சொன்னேன். பல கேஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு நர்ஸ் பேசினார். பேசவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். தான் எழுதிய குறிப்பைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னார். அன்றே, அந்த மணியிலேயே எழுதப்பட்டது. முதல் குத்தல் எப்போது, செய்தவர் யார், தமனியில் பட்டது எப்போது, எத்தனை நிமிடம் அழுத்தினோம், டாக்டருக்கு எப்போது சொன்னோம், அவர் எப்போது உள்ளே வந்தார். எல்லாம் இருந்தது. அதோடு, நான் நோட்டில் எழுதிவந்ததைப் போலவே, எல்லாக் கேஸுக்கும் இருந்தது. அவர் எழுதியது ஆஸ்பத்திரிப் பதிவில், எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில். நான் எழுதியது ஏப்ரனுக்கு அடியில்.

டாக்டர் சொன்னதற்கு நான் ஆமாம் போட்டிருந்தால் அடுத்த ஐந்தாவது நிமிடம் என் கதை முடிந்திருக்கும்.

அன்று மதியம் வார்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. மகள் எழுந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

"டாக்டர் உள்ள இல்ல. நீங்க இருப்பாருன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. பொய்தான் சொன்னேன். விசாரணைலயும் அத சொல்லிட்டேன்."

"இப்ப சொல்லி என்ன?"

பெரியவர் படுக்கையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். "இந்த ரெண்டு விரலும் யாருதோ மாதிரி இருக்கு. ஜெபமாலை உருட்டினா மணி எங்க இருக்குன்னே தெரியல. எண்ணிக்கை தப்பிப்போவுது." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சாமான் சரியில்லை என்று கடைக்காரர் இன்னொரு கடைக்காரரிடம் சொல்வதுபோல் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

என்னை லைன் போடுவதிலிருந்து நிறுத்தினார்கள். நான்கு மாதம் நான் மறுபடி கண்ணாடிக்குப் பின்னால். டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம், எனக்கும் ஒன்று. எல்லா லைன்களையும் அவரே போட்டார். நோயாளிகள் நாள்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். காத்திருந்த ஒரு கீமோ பெண்ணின் கையில் குத்த இடமில்லாமல் வார்டில் எட்டுத் தடவை குத்தியதாகக் கேட்டபோது, என்னை லைன் போடவைத்த ஏற்பாட்டையே சதி என்று நினைத்திருந்த எனக்குக் கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது.

அந்த நாட்களில் ஒருமுறை பெரியவர் கால் எக்ஸ்ரேக்கு வந்தார். சீட்டைப் பார்த்ததும் வேறு ஆளை அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு நானே போனேன். மகள் கதவருகே நின்று, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெரியவருடைய பாதத்தைத் தட்டின் மேல் வைத்துத் திருப்பினேன்.

"இதுக்காவது டாக்டர் வேணாம்ல?" என்றார் பெரியவர்.

"இதுக்கு வேணாம்ப்பா."

கட்டைவிரலில் உணர்வு பாதிக்கு மேல் வந்துவிட்டது என்றும், ஆள்காட்டி விரல் இன்னும் அப்படியே என்றும் அவராகவே சொன்னார்.

நர்ஸிடம் என் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே நாலைந்து பக்கம் புரட்டினார். "இதயா அன்னைக்கி ஒளிச்ச?" என்றார். "நான் என்னப் பத்தின்னு நெனச்சேன்."

"நீங்க டைப் பண்ணது என்னப் பத்தின்னு நான் நெனச்சேன் சிஸ்டர்."

"உன்னப் பத்தியும்தான் எழுதினேன்," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கேன்டீனில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். புது விதிமுறையை எழுதக் கூட்டம் போட்டபோது, நர்ஸ்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டவர் அவர்தான். கொடுத்தார்கள். சுலபமான லைன்களை இப்போது அவர் தயார் செய்த இரண்டு நர்ஸ்கள் வார்டிலேயே போடுகிறார்கள். சிக்கலானவை எங்கள் அறைக்கு வரும்.

விதிமுறை மூன்று பக்கம். கம்பி உள்ளே போகிறவரை டாக்டர் அதே அறையில் இருக்க வேண்டும். போடப்போகிறவர் யார், அவர் டாக்டரா இல்லையா என்று நோயாளியிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். தமனியை ஒட்டின சிரையை நாங்கள் தொடக்கூடாது. கம்ப்யூட்டரில் 'செய்தவர்' கட்டத்தில் எங்கள் பெயரும் வரும்படி மாற்றினார்கள். அதற்கு ஒரு மதியம்கூட ஆகவில்லையாம். விதியைப் படித்து, இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடினேன். ஒன்று கண்டுபிடித்துச் சொன்னேன். திருத்தினார்கள். பிறகுதான் கையெழுத்து.

டாக்டர் முன்புபோல என்னிடம் விளையாட்டாகப் பேசுவதில்லை. மரியாதையாக இருக்கிறார். நான் கம்பியை உள்ளே விடும்போது போன் பார்ப்பதில்லை. ஒருநாள் மதியம், ஒரு கேஸ் முடிந்து இருவரும் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கேட்டுவிட்டேன்.

"சார், அன்னைக்கு உள்ள இருந்தேன்னு சொல்றேன்னீங்களே. அது எனக்காகவா, உங்களுக்காகவா?"

அவர் ஏப்ரனை ஸ்டாண்டில் மாட்டினார். அது நழுவியது. மறுபடி மாட்டினார்.

"சத்தியமா தெரியலம்மா. அப்ப உங்களுக்காகன்னுதான் நெனச்சேன். வீட்டுக்குப் போனப்புறம் அப்படித் தோணல."

நான் அதை நம்பினேன். முழுக்க நம்பினேனா என்றால், முக்கால்வாசி. அடுத்த நோயாளியை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நான் கை கழுவப் போனேன்.